பிள்ளைக்குப் பொறுப்பு யாரு

தம்பியும் அவன் பொண்டாட்டியும் ஜொகூர் போயிட்டு வர்ற வழியில ஒரே கார்ல அடிபட்டுப் போய்ச் சேர்ந்துட்டாங்க. அன்னைக்கு ஸ்கூல்ல இருந்ததால மக மட்டும் தப்பிச்சா. ஏழு வயசு. தங்களுக்கு ஒண்ணுன்னா அவள யாரு பார்த்துக்கணும்னு ரெண்டு பேரும் ஒரு வரி எழுதி வைக்கல. அந்த வயசுல எவன் உயில் எழுதறான்? சாவு வீட்டுலருந்து நேரா சிங்கப்பூர் தேக்காவுல இருக்கற என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நான் அத்தை, எங்க வீட்டு ரத்தம், இதுல கேக்க என்ன இருக்குன்னு நெனச்சேன்.

கேக்க ஆள் வந்தாச்சு. தாய்மாமன், தம்பி பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். கிராஞ்சியில செடிப் பண்ணையில வேலை, உட்லண்ட்ஸ்ல வீடு, கல்யாணம் ஆகல. "காது குத்தினப்ப என் மடியிலதான்கா உக்காந்தா. நான்தான் வளக்கணும்"னான். ஒரு நாள் மடியில உக்காந்தா பிள்ளை இவனுக்குப் பட்டாவா?

டோபி காட் பக்கம் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். "அத்தை முறை, மாமன் முறையெல்லாம் கோர்ட்ல செல்லாதும்மா. பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான் ஜட்ஜ் பார்ப்பாங்க. நீங்களும் மனு போடலாம், அவரும் போடலாம்"னாங்க. நான் போட்டேன். அவனும் போட்டான்.

ஞாயித்துக்கிழமையானா ஒரு செடித்தொட்டியோட வந்து நிப்பான். காரிடார்ல வைக்கற சாக்குல வீட்டுக்குள்ள ஒரு நோட்டம். கல்யாணம் ஆகாதவனுக்குப் பிள்ளை மேல என்ன இவ்வளவு அக்கறை? என் தம்பி வீட்டு மேல கண்ணா? "சாப்பிட்டியாடா"ன்னு அவகிட்ட கேப்பான். அடுப்படியில நின்னு நான் காதைத் தீட்டிக்குவேன். சோறு போடலன்னு கோர்ட்ல சொல்லப் போறானோன்னு இருக்கும்.

இவ என்னடான்னா துணியை அலமாரியில வைக்கவே விடல. நான் அடுக்கி வைப்பேன், அவ திரும்ப எடுத்துப் பையில திணிப்பா. அவன்தான் ஓதி விட்டிருக்கான்னு நெனச்சேன். விசாரணைக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் தலை வாரும்போது மெதுவா கேட்டேன்.

"துணியைப் பையிலயே வைன்னு மாமாவா சொன்னாரு?"

"இல்ல. நீங்களும் செத்துட்டா யாரு வீட்டுக்குப் போறதுன்னு தெரியாதுல்ல அத்தை. அதான் ரெடியா வச்சிருக்கேன்."

பாதி பின்னின சடையோட அவளை இழுத்துக் கட்டிக்கிட்டேன். மறுநாள் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டு, எங்க ரெண்டு பேரையும் சேர்த்தே பொறுப்பாளரா போடச் சொல்லிக் கேக்கலாமான்னேன். கேக்கலாம், ஒருத்தருக்கு ஒண்ணுன்னாலும் இன்னொருத்தர் இருப்பாங்கன்னாங்க.

அடுத்தது அவனுக்குப் போன் போட்டேன். "தம்பி, ரெண்டு பேரும் சேர்ந்தே கேப்போமா?"

"இதுல என்னக்கா உள்குத்து? கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் என்னை வாசப்படி ஏற விட மாட்டீங்க. அதானே?"

அடப்பாவி, நான் இவனை வேவு பார்த்தா இவன் என்னை வேவு பார்த்திருக்கான். கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. அடக்கிக்கிட்டு, பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம். "சரிக்கா"ன்னான்.

கோர்ட் ரெண்டு பேரையும் போட்டுச்சு. பிள்ளை என் வீட்டுல இருக்கணும், சனி ஞாயிறு மாமன் வீடு. அவன் மேல எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரலதான். சனிக்கிழமையானா அவ என்ன சாப்பிட்டான்னு போன் போட்டுக் கேக்கறேன்.

தீர்ப்பு வந்த அன்னைக்கு அவளை உக்கார வச்சுச் சொன்னேன். "நான் இல்லன்னா மாமா. மாமா இல்லன்னா நான். புரியுதா?"

பையை இழுத்து மடியில வச்சுக்கிட்டா.

"ரெண்டு பேரும் ஒரே கார்ல போக மாட்டீங்கல்ல?"

"மாட்டோம்டி."

அதுக்கப்புறம்தான் பையைத் திறந்து துணியை எடுத்துக் குடுத்தா.