பின்சுவரில் இருந்த கதை

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம் வந்த ஒரு சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றித் திருவண்ணாமலையில் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். இந்த மாதிரி ஒரு கதை இதுவரைக்கும் வந்ததே இல்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவர் சொன்னார், கணக்கு டீச்சர் சொன்னார், படமே பார்க்காத என் அம்மாவும் சொன்னாள். இதுவரைக்கும் வந்த கதைகளையெல்லாம் இவர்கள் எப்போது கேட்டு முடித்தார்கள் என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். இருந்தாலும் படம் எனக்குப் பிடித்துப்போனதால் நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சொல்லாத ஆள் ஒருவர்தான். அம்மாவின் தம்பி, என் மாமா. ஏழு வருடமாகச் சென்னையில் உதவி இயக்குநர். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது படத்துக்குப் போனவர், திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, அது என்னோட கதை."

அம்மா நம்பினாள். தம்பி சொன்னால் நம்புவதற்கு அவளுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கம்பெனியில் இந்தக் கதையைச் சொல்லி, எழுதி வைத்திருந்த ஃபைலையும் கொடுத்துவிட்டு வந்தாராம். கூப்பிடுகிறோம் என்றார்களாம். கூப்பிடவில்லை. கதை தன்னுடையது என்று நிரூபித்துவிட்டால் பெயர் கிடைக்கும், பெயர் கிடைத்தால் படம் கிடைக்கும். இல்லையென்றால் ஆனி மாதத்தோடு ஊர் திரும்பி, கீழ்பென்னாத்தூரில் தாத்தாவின் உரக்கடையில் உட்கார வேண்டும். குடும்பத்தில் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

அப்பாவுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் வேலை. காகிதம் இல்லாத எந்த உண்மையும் அவரிடம் செல்லாது. "ஆதாரம் எதுனா இருக்கா மச்சான்?" என்று மட்டும் கேட்டார். காகிதம் இல்லை. ஃபைல் போனது போனதுதான், லேப்டாப்பும் உயிரை விட்டிருந்தது. அப்போதுதான் மாமா என்னைப் பார்த்தார். முந்தின பொங்கல் லீவில் என்னைக் கிரிவலத்துக்கு அழைத்துப் போயிருந்தார். பாதி வழியில் கால் வலிக்கிறது என்று நான் மூக்கைச் சிந்தியதும், மீதி வழி முழுக்க இந்தக் கதையைச் சொல்லித்தான் நடக்க வைத்தார்.

ஆக, நான்தான் ஆதாரம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவோடு படித்த வக்கீல் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறேன், பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்போம் என்றார்.

நான் சும்மா சொல்கிற ஆளில்லை. அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, ஒரு பக்கம் 'படம்', ஒரு பக்கம் 'மாமா' என்று எழுதினேன். அடம்பிடித்து இன்னொரு முறை படத்துக்கும் போய் வந்தேன். ஹீரோ கோபம் வந்தால் தரையிலிருந்து வானம் வரைக்கும் ஒளித்தூணாக நிற்பான். மாமா கதையிலும் நிற்பான். இரண்டு வில்லன்கள் அடியைத் தேடி ஒருவனும் நுனியைத் தேடி ஒருவனுமாகக் கிளம்புவார்கள். அதுவும் இருந்தது. மேலே போனவன் பாதியிலேயே திரும்பி, நுனியைப் பார்த்துவிட்டேன் என்று புளுகுவான். அதற்கு ஒரு பொய்ச்சாட்சியும் உண்டு. படத்தில் அது ஒரு பறக்கும் பொம்மை. எனக்கு ஒரே சந்தோஷம். டிக் மேல் டிக் போட்டுக்கொண்டே போனேன்.

அந்த வாரம் பிரதோஷத்துக்கு அம்மா கோயிலுக்கு இழுத்துப் போனாள். கருவறையைச் சுற்றி வரும்போது பின்பக்கம் கூட்டம் நின்றுவிட்டது. வேறு வேலை இல்லாமல் சுவரைப் பார்த்தேன். கல்லில் ஒரு தூண், தூணுக்குள் சிவன். கீழே மண்ணைத் தோண்டிக்கொண்டு போகிற பன்றி பெருமாள், மேலே பறக்கிற அன்னம் பிரம்மா. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் கடந்து போகிற சுவர் அது. பிரம்மாவுக்காகத் தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னதும், அதனால் இன்றைக்கும் அது சிவன் பூஜைக்கு ஆகாமல் போனதும் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"அம்மா, இது அந்தப் படம்."

"அடிமுடி தேடின கதைதானே, தெரியாதா என்ன. கன்னத்துல போட்டுக்கினு நட."

நான் அசந்துபோனேன். கோயிலைச் சுற்றிச் சுற்றி வருகிற ஊர் மொத்தமும் டிக்கெட் எடுத்துப் போய், இப்படி ஒரு கதை வந்ததே இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறது. தூணுக்கு இறுக்கமான நீலச் சட்டை மாட்டிவிட்டதும் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நோட்டில் மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, 'கோயில்' என்று எழுதினேன். இது மாமாவுக்கு எதிரானது என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாமியே நம் பக்கம் சாட்சிக்கு வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீல் வந்தார். சாப்பாட்டுக்கு இலை போடுவதற்கு முன்பு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மாமா ஜன்னல் பக்கம் நின்றிருந்தார், சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். நான் வரிசையாகப் படித்தேன். வக்கீல் பேனாவால் குறித்துக்கொண்டே வந்தார். 'கோயில்' என்று எழுதியிருந்த மூன்றாவது பக்கத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

"யார் மேலப்பா கேஸ் போடறது? அண்ணாமலையார் மேலயா?"

அப்பாவும் சிரித்தார், விருந்தாளி சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும். மாமாவும் கொஞ்சம் சிரித்தார். "மலைகிட்டேருந்து எடுத்ததுதான் சார். நான் இல்லன்னு சொல்லலயே" என்றார். வக்கீல் நல்ல மனிதர், அத்தோடு விடவில்லை. என்னிடம் திரும்பி, கோயிலில் இல்லாதது ஏதாவது மாமா கதையில் இருந்ததா என்று கேட்டார். அது படத்திலும் வந்திருந்தால் பிடித்துக்கொள்ளலாமாம்.

"ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு சார். அது தப்புன்னு அடிச்சிட்டேன்."

"பரவால்ல, சொல்லுமா."

சொன்னேன். படத்தில் பொய் சொன்ன பொம்மையை ஹீரோ ஒரே உதையில் நொறுக்குவான், தியேட்டரே விசிலடிக்கும். மாமா கதையில் பொய்ச்சாட்சி சொல்வது ஒரு சின்னப் பெண். வில்லன் மிரட்டியதில் பயந்துபோய்ச் சொல்லிவிடுவாள். ஒளித்தூண் மெல்ல மெல்லக் குறைந்து அவள் உயரத்துக்கு வந்து பக்கத்தில் உட்காரும். ரொம்ப பயந்துட்டியா என்று கேட்கும். அவ்வளவுதான், அத்தோடு கதை முடிந்துவிடும். பொய் சொன்னால் தண்டனை கொடுக்க வேண்டும், தாழம்பூவுக்கே கொடுத்தார்களே என்று கிரிவலத்தின்போதே மாமாவிடம் நான் சண்டை போட்டிருந்தேன்.

"இது படத்துல வரல?"

"வரல சார்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்று வக்கீல் எழுந்து கை கழுவப் போனார். அம்மா இலை போட்டாள். வடை நன்றாக இருக்கிறது என்று வக்கீல் இரண்டு முறை சொன்னார்.

அவர் போன பிறகு மாமா நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான் ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்த அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதை ஏன் பாப்பா அடிச்ச?"

"எதோடயும் ஒத்துப்போகல மாமா."

"ஆமா" என்றார். நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். கோபப்படவில்லை.

ஆனி பிறந்ததும் மாமா உரக்கடைக்குப் போய்விட்டார். பள்ளியில் தோழிகள் கேட்டபோது, பாவம், எங்கள் மாமா கதையில் எல்லாமே கோயிலில் இருந்ததுதான் என்று சொன்னேன். இத்தனை வருடம் சென்னையில் இருந்தும் சொந்தமாக ஒரு வரிகூட அவருக்குத் தோன்றவில்லையே என்று அன்றைக்கு நான் நிஜமாகவே வருத்தப்பட்டேன்.