பெஞ்சுக்கு அடியில் கடிதம்

மூடப்போகும் தொடக்கப் பள்ளி ஒன்றின் பெஞ்சுகளை ஏற்றிவர, சேரன்மகாதேவி பக்கம் போயிருந்தேன். அங்கிருந்த டீச்சர், பேசும்போதெல்லாம் விரலில் இல்லாத சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் இரண்டு சிறுமிகள்தான் மிச்சம். அடுத்த வருடம் தங்கள் இடத்தில் உட்காரப்போகும் பிள்ளைக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதி மடித்து, சத்துணவுச் சோற்றால் பெஞ்சுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வருடக் கடைசியில் அங்கே அது வழக்கமாம்.

“பாத்து ஒட்டுட்டி, கிழிஞ்சிரும்,” என்றார் டீச்சர்.

“பெஞ்செல்லாம் குடோனுக்குல்லா போகுது டீச்சர்?” என்றேன்.

“எனக்குத் தெரியும் சார். பிள்ளைகளுக்குத் தெரியாது. பைய பேசுங்க.”

அடுத்த மாதம் குடோனில் எறும்புகள் சோற்றைத் தின்றுவிட்டிருந்தன. கடிதங்கள் தரையில் கிடந்தன. எனக்கு எழுதியவை அல்ல என்பதால் பிரிக்கவில்லை. டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவும் இன்றுவரை துணிச்சல் வரவில்லை.