மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்

கலாமணி டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார் என்று என் மகன் போனில் சொன்னபோது கட்டுத்தரையில் மாட்டுக்கு அருகில் நின்றிருந்தேன். அழுகை வரவில்லை. நாளை விடியலில் இங்கே எப்படி வருவேன் என்ற நடுக்கம்தான் முதலில் வந்தது.

அவரிடம் என்னோடு ஆழ்மனப் பயிற்சி படித்த உங்களுக்கு என் கதை தெரியும். மலையிலிருந்து இறங்கித் தென்னையை முறிக்கும் தும்பிக்கைக்காரரைத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் பேர் சொல்லமாட்டோம். சொன்னால் வந்துவிடும். பெரியசாமி என்போம். ஒரு விடிகாலை நான் உள்ளே இருக்கும்போதே கட்டுத்தரைச் சுவரைத் தள்ளித் தவிட்டு மூட்டையை இழுத்துப் போனது. மாடும் நானும் மூலையில் ஒண்டி நின்றோம். அதற்குப் பிறகு வெயில் ஏறாமல் வீட்டுக் கதவைத் திறக்கமாட்டேன். மாடு தண்ணீருக்குக் கத்தும், நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "மாட்டை வித்துப்போட்டு டவுனுக்கு வாங்கம்மா" என்று மகன் பிடிவாதமாக நின்றான். எனக்கு இந்தத் தோட்டத்தை விட்டுப் போக மனமில்லை.

பயம் தீரத்தான் டீச்சரிடம் சேர்ந்தேன். தேங்காய்க் கிடங்கில் முதல் வகுப்பு. தூக்கம் சொக்கும் நேரத்தில் நாம் சொன்னதை மனசு கேட்குமாம். பெரியசாமியின் நிஜப் பேரைச் சொல்லி, பயமில்லை என்று சொல்லிக்கொண்டே படுக்கச் சொன்னார்.

"பேரைச் சொன்னா வந்துருமுங்க" என்றேன்.

டீச்சர் சிரித்தார். கிடங்கே சிரித்தது. யார் யார் என்று இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்.

ஆனாலும் சொன்னபடி செய்தேன். அடுத்த வாரம் போய், "முன்னெல்லாம் தோட்டத்துக்குத்தான் வந்துச்சு. இப்பக் கனவுக்கும் வருதுங்க" என்றேன்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடதுங்கம்மா. வேண்டாங்கறதையே சொன்னா மனசு அதையேதான் புடிச்சுக்கும். காலைல நீங்க என்ன செய்யோணும்?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

"அதையே சொல்லிட்டுப் படுங்க. வாளி, மாட்டு மூஞ்சி, அது குடிக்கிற சத்தம், எல்லாத்தையும் மனசுல பாருங்க."

சொல்லிவிட்டு ஒரு விடியலில் அவரே தோட்டத்துக்கு வந்தார். வாழைக்குள் ஏதோ முறிந்தது. என் கையைப் பிடித்தார். அவர் கை என் கையைவிடச் சில்லிட்டிருந்தது. டார்ச்சு அடித்தால் காட்டுப்பன்னி.

"உங்களுக்குமா டீச்சர்?"

"உடம்பு நடுங்குனா நடுங்கட்டுமுங்க. நின்னு பாத்து, காது குடுத்துக் கேட்டுப்போட்டு நடந்தாப் போதும்."

அன்றைக்குத்தான் அவரை நம்பினேன்.

துக்கத்துக்கு வந்த மகன் ஊருக்குத் திரும்பாமல் என் வீட்டிலேயே படுத்தான், என்னைக் கூட்டிப் போகத்தான். மறுநாள் இருட்டோடு விழித்தேன். தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்று கதவைத் திறக்காவிட்டால் என்றைக்கும் திறக்கமாட்டேன் என்று தெரிந்தது. "மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். டார்ச்சு அடித்தேன், நின்று கேட்டேன், நடந்தேன். வாளி ஆடியதில் பாதித் தண்ணீர் சேலையில் கொட்டிவிட்டது. மீதியை மாடு குடித்தது.

மகன் பின்னாலேயே வந்தான். "பயமா இல்லையாம்மா?"

"இருக்குது கண்ணு. நீ ஊருக்குப் பொறப்படு."

டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறேன் என்ற அந்த ஒரு வாக்கியம். அன்று கிடங்கில் அவர் சிரித்ததை இன்னும் மன்னிக்கவில்லை. அந்தக் கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன்.