சிட்டு சோம்பேறி இல்லை

எட்டு புள்ளி ஒன்று. பரிசோதனைக்கூடம் சொன்ன சிட்டுவின் ஹீமோகுளோபின் அளவு அது. குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டுமாம்.

கூரியர் கிளையில் அவருக்குச் சிட்டு என்றுதான் பெயர். லிஃப்ட் இல்லாத குடியிருப்புகள் நிறைந்த மேட்டுத்தெரு என்றால் மற்றவர்கள் நழுவுவார்கள். சிட்டு கேட்டு வாங்கினார். தோளில் பையோடு நாலாவது மாடிக்கு ஓடி, கையெழுத்து வாங்கி, வீட்டுக்காரர் கதவைச் சாத்துவதற்குள் கீழே நிற்பார். அந்தத் தெரு அவர் ராஜ்ஜியம்.

இந்த மாதமோ இரண்டாவது மாடியிலேயே நெஞ்சு படபடத்தது. பார்சல்கள் மாலையில் அப்படியே திரும்பி வந்தன.

"என்னம்மா, சிட்டு ஆமையாயிடுச்சா?" எல்லார் முன்னாலும் கேட்டார் கிளை மேலாளர். "உனக்கு வேலைல மனசில்ல. திங்கக்கிழமையிலேருந்து மேட்டுத்தெரு வேற ஆளுக்கு."

கணவர்தான் அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார்.

"சமீபத்துல ரத்தம் குடுத்தீங்களா?" சோதனை முடிவைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"போன மாசம், ஆபீஸ் முகாம்ல."

"எடுக்கறதுக்கு முன்னாடி விரல்ல குத்தி ஹீமோகுளோபின் பாத்தாங்களா?"

எங்கே பார்த்தார்கள்? குத்த வந்த நர்ஸைத் தடுத்தவரே மேலாளர்தான். "வண்டிங்க நிக்குது. நம்ம ஆளுங்க எல்லாம் பயில்வானுங்க, நேரா எடுங்க!" தலைமை அலுவலகத்துக்குப் புகைப்படம் போக வேண்டுமே! மாதாமாதம் அதிக உதிரப்போக்கால் ஏற்கெனவே வெளிறிக் கிடந்த உடம்பு; அதிலிருந்தும் ஒரு பை ரத்தம் எடுத்தார்கள்.

"ரத்தத்துல பாதிக்கு மேல பிளாஸ்மாங்கிற மஞ்சத் தண்ணி," என்றார் டாக்டர். "அது ரெண்டு நாள்ல ஊறிடும். வெள்ளை அணு கிருமியோட சண்டை போடும், தட்டணு காயத்தை அடைக்கும். சிவப்பணுதான் ஆக்சிஜனைத் தசைக்குச் சுமக்குது, அது ஊற வாரக்கணக்காகும். படி ஏறினா தசை கூடக் கேக்கும். அணு கம்மின்னா, இருக்கிறதையே வேகமாச் சுத்தவிட இதயம் அடிச்சுக்கும்."

"சரக்கு குவியுது, டெலிவரிக்கு ஆளில்ல," என்றார் சிட்டு.

"அதேதான். திரும்பும்போது கழிவு வாயுவையும் கொண்டு வரணும்."

"ரிட்டர்ன் பார்சல்!" என்ற கணவர், சிட்டுவின் முறைப்பைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

ரத்தத்தையும் கொடுத்து, சோம்பேறிப் பட்டமும் சுமப்பதா? சிட்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கள் காலை, பார்சல் பிரிக்கும் மேசை முன்னால் நின்றார். "சார், உங்க ஃபோட்டோவுக்குப் பல்லைக் காட்டிக்கிட்டு ரத்தம் குடுத்தவ நான். எனக்கா வேலைல மனசில்ல? மூணு மாசம் படி ஏறக் கூடாதாம். தேறினதும் என் தெரு எனக்கு வரணும்."

"பார்க்கலாம்மா."

"என்ன சார் பார்க்கலாம்?" மேட்டுத்தெருவை ஏற்க வந்தவரே பையைக் கீழே போட்டார். "அது அக்கா தெரு. நான் காவலுக்குத்தான் போறேன். அன்னிக்கு என்னையும்தான் யாரும் குத்திப் பாக்கல!"

மற்ற பைகளும் தரைக்கு வந்தன. வெளியே வண்டிகள் ஹாரன் அடித்தன.

"சரி, சரி! அவங்க தெருதான், போதுமா?" என்றார் மேலாளர்.

"ரத்தம் குடுத்த எல்லாரையும் சோதிக்கணும் சார்," என்றார் சிட்டு.

அதற்கும் தலையாட்டினார்.

சிட்டு இப்போது கவுன்ட்டரில் உட்கார்ந்து இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். எல்லார் விரலையும் குத்திப் பார்க்க நர்ஸ் வியாழக்கிழமை வருகிறார்.