முட்டத்தில் ஆஸ்திரிய டிவிக்காக ஓர் ஒப்பாரி

வியன்னாவில் இரண்டு வருடம் வேலை பார்த்து நான் சேர்த்துக்கொண்டு வந்தது அந்த ஊர் டிவி பைத்தியம் மட்டும்தான். ராஜா ராணி காலத்துத் தொடர்கள், அக்கார்டியன் வாசித்துப் பாடும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகள், ஒன்றையும் விட்டதில்லை. அப்படிப் பாடுகிற ஒரு பிரபலம் கப்பல் கேப்டனாக நடிக்கும் சரித்திரத் தொடரை முட்டத்தில் எடுக்கிறார்கள் என்று, மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்த நண்பன் சொன்னான். 2012 பிப்ரவரியில் லீவு போட்டுக் கிளம்பிவிட்டேன்.

நாகர்கோவிலில் இருந்து பதினாறு கிலோமீட்டர். பஸ்ஸில் பத்து ரூபாய்தான். நான் அவசரப்பட்டு 250 ரூபாய்க்கு ஆட்டோ பிடித்தேன்.

"வெள்ளைக்காரன் பாட்டு கேக்கவா இம்புட்டு தூரம் வந்திய?" என்று டிரைவர் வழியெல்லாம் சிரித்தார்.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, பாறைகளுக்கு நடுவே படப்பிடிப்பு. நீலக் கோட்டும் இடுப்பில் வாளுமாகப் பாடகர் பத்தடி தூரத்தில். கை கொடுக்கக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்து நின்றேன்.

அன்று கடைசிக் காட்சி. கடலில் கணவனைப் பறிகொடுத்த மீனவப் பெண் ஒப்பாரி வைக்கிறாள், கேப்டன் கேட்டு நிற்கிறான். மறுநாள் எல்லோருக்கும் விமானம். அழ வந்திருந்தவர் உள்ளூர்க்காரரான பிலோமினா. ஒத்திகையில் வசனத்தை ஒழுங்காகச் சொன்னவர், கேமரா ஓடியதும் வாயே திறக்கவில்லை.

"எங்க வீட்டு ஆளு வள்ளம் இன்னும் கரையேறல்ல. ஆளு கடல்ல கெடக்கும்போ கரையில இருந்து அழப்பிடாது. அவரு வரட்டும், பொறவு அழுவேன்."

மதியத்துக்குள் வந்துவிடும் வள்ளம் அன்று வரவில்லை. வேறு பெண்களைக் கேட்டார்கள், ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. பெண் இயக்குநர் இறங்கும் வெயிலைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார், காத்திருக்கலாம் என்றார். பாடகர் வாளைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் உங்களுக்காகப் பார்த்துவைத்தவை: மாலை வெயிலில்தான் முட்டம் அழகு. பாறை வழுக்கும், செருப்பைக் கழற்றிவிடுங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். மீனவர்களைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

நாலே முக்காலுக்கு வள்ளம் வந்தது. எஞ்சின் பழுதாம். கணவர் சூசை இறங்கியதும் பிலோமினா அவரை மேலும் கீழும் பார்த்தார். நேராகக் கேமரா முன்னால் போய் உட்கார்ந்தார்.

பிறகு அழுதார். எழுதிக் கொடுத்த வசனம் எதுவும் அதில் இல்லை. கணவருக்கென்று மூடி வைத்த சோறு, பாதியில் கிடக்கும் வலை, யாரும் படுக்காத பாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதார். வியன்னாவின் எந்த அரங்கிலும் எனக்கு உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை. பாடகர் தன் வசனத்தை மறந்து தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கேமராவுக்குப் பின்னால் ஈர லுங்கியோடு நின்ற சூசை, தன் சாவுக்கு வைத்த ஒப்பாரியை முழுதாகக் கேட்டார். இயக்குநர் 'கட்' சொன்ன பிறகும் பிலோமினா நிறுத்தவில்லை. சூசை மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, போதும். நான் வந்தாச்சுல்லா."