அசலுக்கு நூறு

விழுப்புரத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டி எங்களுக்கு ஒரு மெத்தை வீடு இருந்தது. தளம் போட்டாயிற்று, ஜன்னல் வைத்தாயிற்று, கதவுக்கு நீலப் பெயிண்ட்கூட அடித்தாயிற்று. சுவர்களுக்குப் பூச்சு மட்டும் கிடையாது. உள்ளேயும் வெளியேயும் வெறும் செங்கல். மறந்துபோய்ச் சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையின் முதுகில் நூல் பிரிந்துவிடும். ஏன் இன்னும் பூசவில்லை என்று யார் கேட்டாலும் கடன் முடியட்டும் என்பார் அப்பா. செருப்பு கேட்டாலும் அதே பதில்தான். பல்வலி என்றாலும் ஏறக்குறைய அதேதான்.

கடன் மாமாவிடம் வாங்கியது. அவர் அம்மாவின் ஒரே அண்ணன். திண்டிவனத்தில் சிமெண்டும் கம்பியும் விற்கிற கடை வைத்திருந்தார், கடைக்குப் பின்னாலேயே வீடு. எங்கள் வீட்டைக் கட்டும்போது அவரிடம் பத்தாயிரம் வாங்கி, வீட்டையே அவருக்கு அடமானம் எழுதிக் கொடுத்திருந்தோம். பத்திரம் அவருடைய பீரோவில் இருந்தது. சொந்தத்துக்குள் அடமானம் எதற்கு என்று முதலில் சொன்னவர் மாமாதானாம். மறுநாள் ஸ்டாம்பு பேப்பர் வாங்கி வந்தவரும் அவர்தானாம்.

வட்டி மாதம் நூற்றைம்பது. அப்பா மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பெயர். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் பேரன் பேத்தி காலத்திலும் அசல் அசையாமல் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் வட்டிக்கு மேல் மாதம் நூறு, அசலில் கழிய வேண்டும் என்று தீர்மானம் செய்தார். எங்கள் வீட்டை அப்பாவும் நடத்தவில்லை, அம்மாவும் நடத்தவில்லை. அந்த நூறுதான் நடத்தியது.

அப்பாவின் சம்பளத்தில் அது அடங்காது. மண்டியிலிருந்து அம்மா மூட்டை மல்லாட்டை எடுத்து வருவாள். விதைக்கு என்றால் மெஷினில் போட மாட்டார்கள், பருப்பு உடைந்துவிடும். கையால்தான் உரிக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் தம்பியும் உட்கார்ந்துவிடுவோம். கட்டைவிரல் நகம் பிளந்து, பேனா பிடித்தால் எரியும். ஒரு பருப்பையும் வாயில் போடக் கூடாது, படியளவு குறைந்தால் கூலி குறையும். எழுந்து போகும்போது அம்மா, "ஊது" என்று எங்கள் வாயை முகர்ந்து பார்ப்பாள். காலையில் கேப்பைக் கூழ், ராத்திரிக்கு ரசம். தீபாவளிக்கு ஒரே துணியாக எடுத்து எனக்குப் பாவாடையும், மிச்சத்தில் தம்பிக்குச் சட்டையும் தைப்பாள். பூப்போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வரமாட்டேன் என்று தம்பி அழுவான். அம்மாவுக்கு அந்த அழுகையெல்லாம் காதில் ஏறாது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் திண்டிவனத்துக்கு பஸ் ஏறுவோம். பணம் அம்மாவின் இடுப்பில் சுருக்குப் பைக்குள் இருக்கும். விக்கிரவாண்டி தாண்டி கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கும்போது, கலர் விற்கும் பையன்கள் பாட்டில்களைக் கலகலவென்று தட்டிக்கொண்டு ஜன்னலோரம் ஓடி வருவார்கள். ஆரஞ்சு, பச்சை, ரோஜா நிறம். குடித்து முடிக்கும்வரை பாட்டிலுக்காகக் கீழேயே காத்து நிற்பார்கள். எனக்கு ஆரஞ்சின் மேல் உயிர். அம்மா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவாள். "வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்பாள். போன பிறகு ஒன்றுதான், போகும்போது ஒன்றில்லையே என்று நான் முணுமுணுப்பேன். ஆனாலும் தண்ணீரைக் குடித்துவிடுவேன்.

மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். "வா மருமவளே" என்று கடையிலிருந்தே கத்துவார். அம்மா சுருக்குப் பையைப் பிரித்து, மடித்து வைத்த நோட்டுகளைத் தனித்தனியாக எடுத்து நீட்டுவாள். "இது வட்டிண்ணா. இது அசலுக்கு." எல்லா மாதமும் இதே வார்த்தைகள்தான், பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். மாமா இரண்டையும் வாங்கி ஒரே பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். எண்ண மாட்டார். "கூடப்பொறந்தவ குடுக்கற காச எண்ணுவாங்களா?" என்பார். நாலணாவைக்கூட இரண்டு தரம் எண்ணுகிற வீட்டிலிருந்து போன எனக்கு அவர் ராஜாவாகத் தெரிந்தார். திரும்பும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்து அனுப்புவார். அதை அம்மா பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாள்.

அப்பா முருங்கைக்காயைப் பார்த்து மசிகிறவர் இல்லை. மண்டியில் ஒரு மூட்டை வெளியே போவதென்றாலும் அவரிடம் சீட்டு வேண்டும். அவருடைய சொந்தப் பணம் மட்டும் சீட்டில்லாமல் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. அசல் குறையக் குறைய வட்டியும் குறைய வேண்டும் என்ற கணக்கும் அவரை அரித்தது. கடைசியில் மொத்தமாகப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம் என்று மாமா சொல்லியிருந்தார். ஒரு நாள் அப்பா அம்மாவிடம் ஆரம்பித்தார்.

"ஒரு நோட்டுல வரவு எழுதி, உங்க அண்ணங்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கினு வாயேன்."

"கையெழுத்து கேட்டுட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்த வாசப்படிய மிதிக்கிறதுங்க?" என்றாள் அம்மா.

பெண் கொடுத்த வீட்டில் போய்ச் சீட்டு கேட்டான் என்று நாளைக்கு நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம் அவருக்கும் இருந்தது. அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது நான் பெரியவளானேன். எங்கள் பக்கத்தில் அப்போது தாய்மாமன் வந்து பச்சை ஓலையில் குச்சு கட்டிப் பெண்ணை உட்கார வைக்க வேண்டும். பிறகு மஞ்சள் நீராட்டு அன்றைக்குச் சீர் கொண்டுவர வேண்டும். அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு, ஒரு பாயசம் வைத்து, சின்னதாக முடித்துவிடலாம் என்பது அப்பாவின் எண்ணம். மாமா விடவில்லை. "எம் மருமவளுக்கு நான் செய்யறேன். நீ கம்முனு இரு மாப்ள" என்றார். குச்சுக்குள் எனக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தினம் ஒரு முட்டையும் கிடைத்தன. எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததே எனக்குப் பெரிய அதிசயம்.

சீர் வந்த அன்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கேட்டடியிலிருந்து மேளம், வெடி. தட்டுத் தட்டாகப் பழம், பூ, கல்கண்டு, பித்தளைக் குடம், சூட்கேஸ். நடுவில் மாமா, தோளில் சரிகைத் துண்டோடு ஒரு தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அதில் அரக்குப் பட்டுப் புடவை, இரண்டு பவுனில் செயின், வெள்ளிக் கொலுசு. போட்டோக்காரர் செங்கல் சுவர் தெரியாதபடி ஒரு பூப்போட்ட துணியைக் கட்டி அதன் முன்னால் என்னை நிறுத்தினார். அண்ணன் என்றால் இவரல்லவா அண்ணன் என்று பெண்கள் அம்மாவின் காதுபடவே பேசினார்கள். அம்மா வாசற்படியில் நின்று அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. நானோ என் வகுப்புப் பெண்களுக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே கொலுசு அதிர நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மண்டி ஆட்களோடு சேர்ந்து அப்பா கட்டிவந்த நாலாயிரம் ரூபாய் ஏலச் சீட்டு அவருக்கு விழுந்தது. அவர் கணக்குப்படி ஐந்து வருஷத்தில் ஆறாயிரம் அசலில் கழிந்துவிட்டது. இந்த நாலையும் கொடுத்தால் கடன் தீர்ந்தது, பத்திரம் கைக்கு வரும். கொத்தனாரிடம் பேசியாயிற்று. ஒரு வண்டி மணலும் வந்து வாசலில் இறங்கிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு தானும் கிளம்பினார். மாமா பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்று செயினையும் கொலுசையும் போட்டு அம்மா என்னைக் கூட்டிப்போனாள்.

மாமா எங்களை வீட்டுக்குள் உட்கார வைத்தார். அவர் மனைவி, என் அத்தை, காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக் கதவோரம் நின்றாள். அப்பா பணத்தை நீட்டினார். அன்றைக்கு மாமா எண்ணினார். எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக எண்ணினார்.

"நாலு கரெக்டா இருக்குது. மீதி ஆறு மெதுவா குடு மாப்ள, இன்னா அவசரம்?"

அப்பாவுக்குப் புரியவில்லை. "மீதி ஏது மச்சான்? மாசாமாசம் நூறு அசலுக்குன்னு வந்துக்கினு இருந்துதே."

"அசலுக்கா?" மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு என் கழுத்தைக் காட்டினார். "அது பொண்ணு சீருக்குன்னு தங்கச்சி எங்கிட்ட சேத்து வெச்சதாச்சே! அதுல ஒரு பைசா நான் தொடல. மேல எங்காசும் போட்டுத்தான் செஞ்சேன். தோ, செயினு, கொலுசு, எல்லாம் உம் பொண்ணு மேலதான இருக்குது?"

அவர் முகத்தில் கள்ளம் ஏதும் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து யோசித்தாலும், பேசப் பேச அவரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இல்லை மாமா, அம்மா அசலுக்கு என்றுதான் சொல்லும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எல்லோரும் பார்க்கும்படியே அம்மா என் கால்விரல்களை மிதித்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை அவள் சொன்னால் போதும் என்பதுபோலக் காத்திருந்தார். கதவோரத்தில் அத்தையும் காத்திருந்தாள்.

"ஆமாங்க" என்றாள் அம்மா. "நாந்தான் சீருக்கு வெச்சிக்கண்ணான்னு சொன்னேன். உங்களாண்ட சொல்ல மறந்துட்டேன்."

வரவு எழுதிப் பார்க்கலாம் என்று கையில் எடுத்திருந்த பேனாவை அப்பா மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஆறிப்போன காப்பியைக் குடித்தார். போய் வருகிறோம் மச்சான் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் வீட்டுக்கு ஒரு வழி பிறந்திருக்கலாம். ஆனால் தெருவே பார்த்து மெச்சிய சீர் பொய்யாகியிருக்கும். அண்ணன் கொண்டுவந்த தட்டெல்லாம் தன் விரல் நகம் பிளந்து உரித்த மல்லாட்டைதான் என்று அம்மா தன் வாயாலேயே சொல்லியிருக்க வேண்டும். பிறந்த வீட்டு வாசல் அவளுக்கு அன்றோடு அடைந்துபோயிருக்கும். அதற்குப் பதில் புருஷன் கண்ணில் திருடியாக இருந்துவிடலாம் என்று, ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரத்தில், அவள் முடிவு செய்துவிட்டாள். அவள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தோடுதான் அவளை நினைத்து அழவும் செய்கிறேன்.

அப்பா அதற்குப் பிறகு அம்மாவோடு நேராகப் பேசவில்லை. சோறு போடச் சொல்லு, விளக்கை அணைக்கச் சொல்லு என்று எல்லாம் எங்கள் வழியாகத்தான். மாதாமாதம் என்ன சொல்லிப் பணம் கொடுத்தாள் என்று அவர் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவே இல்லை. வாசலில் கிடந்த மணலில் தம்பி வீடு கட்டி விளையாடினான், மழைக்காலம் வந்து அதையும் அடித்துக்கொண்டு போயிற்று. செயின் முதலில் போயிற்று, பின்னாலேயே கொலுசு. மறு வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார், வட்டியே நின்றுபோனது. மாமா கேஸ் போடவில்லை. சொந்தத்துக்குள் கேஸ் எதற்கு என்றார். வீட்டை அவருக்கே கிரயம் எழுதிக் கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போனோம். அங்கேதான் முதல்முறையாகப் பூசிய சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம்.

மாமா நோட்டுகளை எண்ணிய அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்தில் இடம் இருந்தும் அப்பா எங்களோடு உட்காராமல் கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. கலர் பையன்கள் ஓடி வந்தார்கள். வழக்கம்போல நான் தண்ணீர் பாட்டிலுக்குக் கையை நீட்டினேன். அம்மா ஜன்னல் வழியாக ஒரு பையனைக் கூப்பிட்டு, சுருக்குப் பையைப் பிரித்துக் காசு எடுத்தாள்.

"ஆரஞ்சு குடுப்பா."

நான் நம்பாமல் அவளைப் பார்த்தேன். ஐஸில் கிடந்த பாட்டில் கையில் ஜில்லென்று இருந்தது. முதல் வாயிலேயே மூக்கெல்லாம் சுர்ரென்று ஏறியது. டிரைவர் வண்டியைக் கிளப்பப் போகிறார், ஜல்தி ஜல்தி என்று பையன் கீழே நின்று அவசரப்படுத்தினான். "மெதுவா குடி" என்றாள் அம்மா. நான் அப்பாவுக்குக் காட்டலாம் என்று பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். அவர் அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு எப்படியோ மனசு இளகிவிட்டது, இனிமேல் மாதாமாதம் கூட்டேரிப்பட்டில் கலர் உண்டு என்று எண்ணிக்கொண்டு, அடியில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தேன்.