குளிரறைக்குப் போய்வந்த பூக்கண்டு

போன கிழமை துறைமுகப் பக்கத்தில் பொலிஸ்காரர் ஒருவர் எங்கள் மோட்டார் சைக்கிளை மறித்தார். கணவர் லைசன்ஸை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த மகள் பொலிஸ்காரரைப் பார்த்துச் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, போகும்படி கை காட்டினார்.

"பிள்ளை இருந்தபடியால் தப்பினம்," என்றார் கணவர், பெரிய பகிடி ஒன்றைச் சொல்வதுபோல.

நான் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை. பொலிஸ்காரரை நினைத்து அல்ல. சித்தப்பாவின் பூக்கண்டை நினைத்து.

அப்போது எனக்கு ஏழு வயது. சித்தப்பா அப்பாவின் கடைசித் தம்பி. அன்புவழிபுரத்தில் எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்துக்கு அருகே, மீன் வைக்கும் குளிரறை ஒன்றில் வேலை. கோதுமை ஏற்றிவந்த கப்பலின் சமையல்காரர் அவருக்கு ஒரு கலண்டர் கொடுத்திருந்தார். அதில் ஒரு மாதத்துக்குரிய படம் மரப் பியோனி. சோற்றுக் கோப்பை அளவு பூ. விரிக்க விரிக்க முடியாத இதழ்கள். சித்தப்பாவுக்கு அந்தத் தாளைப் புரட்ட மனம் வரவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் வருடம் முழுவதும் ஒரே மாதமாகவே இருந்தது. கலியாணப் பேச்சு எடுத்த அம்மாவிடம், "இதை மாதிரி ஒண்டு இருந்தால் சொல்லுங்கோ அண்ணி," என்றார்.

அடுத்த முறை கப்பல் வந்தபோது, சமையல்காரர் ஈரப் பாசியில் சுற்றிய ஒரு குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தார். பனி விழும் ஊரின் செடி. குளிரில் நன்றாக உறங்கி எழும்பினால்தான் பூக்கும் என்று கையாலும் கண்ணாலும் விளக்கினாராம். திருகோணமலையில் அது இலை விட்டது, வெயிலில் சுருண்டது, மறுபடி இலை விட்டது. அப்பா அதற்கு வைத்த பெயர் விறகு. "விறகுக்குத் தண்ணி ஊத்தியாச்சோ?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். கடைசியில் சித்தப்பா செடியைச் சாடியோடு தூக்கிக் குளிரறைக்குக் கொண்டுபோனார். மீன் பெட்டிகளுக்கு அப்பால், உறையாத ஒரு மூலையில், அது தன் குளிர்காலத்தைக் கழித்தது. பூத்தாலும் மீன்தான் மணக்கும் என்றார் அப்பா.

அந்த மாதங்களில் நகரம் கெட்டுப்போனது. சந்திக்குச் சந்தி ஆமிக்காரரின் காவலரண்கள். வேலைக்கென்று போன பெடியள் சிலர் திரும்பி வரவில்லை. சித்தப்பா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருந்தார். ஒரு காலை, அவரோடு வேலை செய்யும் வயதானவர் ஒருவர் சைக்கிளில் வந்தார். இறால் பெட்டிகள் வரப்போகின்றனவாம். சாடியை இன்றைக்கே வெளியில் எறியும்படி முதலாளி சொல்லிவிட்டாராம். "மொட்டும் வந்திருக்குத் தம்பி," என்றார் போகும்போது. அதை அவர் சொல்லாமல் போயிருக்கலாம்.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். சித்தப்பா சேர்ட்டை மாட்டினார். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"உனக்கென்ன விசரோ? ஒரு பூக்கண்டுக்காகவோ போறாய்?"

"உடனே வந்திடுவன் அண்ணி."

"போன பெடியள் எல்லாரும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனவங்கள்."

"வெயிலில எறிஞ்சால் கருகிப்போம். எவ்வளவு காலம் பாத்துக்கொண்டு இருந்தனான்."

சித்தப்பாவைச் சிறுவயதிலிருந்து வளர்த்தவள் அம்மா. வாசலை மறித்தால் அவர் வேலியால் போவார் என்று அவளுக்குத் தெரியும். என்னைக் கூப்பிட்டாள். பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுவிட்டாள். தலை இழுத்து, பவுடர் பூசினாள். சீப்பு மண்டையில் குத்தியது.

"மறிச்சால் சிரிக்க வேணும், என்ன?"

பிறகு சித்தப்பாவிடம், "இவளையும் கூட்டிக்கொண்டு போ," என்றாள்.

"வேண்டாம் அண்ணி."

"அப்ப நீயும் போகாத."

சித்தப்பா என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைத் தூக்கி முன் பாரில் இருத்தினார். மொட்டுப் பார்க்க என்னையும் அனுப்புகிறார்கள் என்று எனக்கு ஒரே புளுகம், சந்தோசம்.

போகும்போது ஒருவரும் மறிக்கவில்லை. திரும்பும்போது சாடி பின் கரியரில், சாக்குக்குள் இருந்தது. சந்தியில் மறித்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு அண்ணா, சைக்கிள் ஹாண்டிலில் கடையில் வாங்கிய பாண் தொங்கியபடி வந்தவர். அவரை இறக்கி, சேர்ட்டைக் கழற்றச் சொல்லி, மதிலோரம் இருத்தினார்கள். சித்தப்பாவின் நெஞ்சு என் முதுகில் அடித்தது. சைக்கிள் மிதித்த களைப்பு என்று நினைத்தேன்.

ஆமிக்காரர் ஒருவர் சாக்கைத் திறந்து, கம்பியால் மண்ணைக் குத்தினார். "மல், மல்," என்றார் சித்தப்பா. பூ என்பதற்கு அந்தச் சிங்களச் சொல் ஒன்றுதான் அவருக்குத் தெரியும். நான் அம்மா சொன்னபடி சிரித்தேன். ஆமிக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு டொபியை எடுத்துத் தந்து, போகச் சொல்லித் தலையசைத்தார்.

"அந்த அண்ணாவுக்கு ஏன் டொபி குடுக்கேல்லை?" என்று வழியில் கேட்டேன். சித்தப்பா இன்னும் வேகமாக மிதித்தார்.

அம்மா ஒழுங்கை முகப்பிலேயே நின்றாள். என்னைத் தூக்கி இறக்கி, முகம் கை கால் எல்லாம் தடவினாள். டொபியைக் காட்டினேன். அதைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தாள். அதற்கு நான் பெரிதாக அழுதேன்.

சில நாட்களில் மொட்டு விரிந்தது. கலண்டரில் இருந்ததில் பாதிகூட இல்லை. வெளிறிய றோஸ் நிறம். அயலட்டைச் சனம் வந்து பார்த்தது. அப்பா கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு இருந்து, "விறகு கெட்டிக்காரன்தான்," என்றார். மத்தியானத்துக்கு முன்பே இதழ்கள் தளர்ந்து விழத் தொடங்கின.

அம்மா மட்டும் வெளியே வரவில்லை. சித்தப்பா அவளைக் கூப்பிடவும் இல்லை.

விழுந்த இதழ் ஒன்றை எடுத்துக்கொண்டு குசினிக்கு ஓடினேன். "நான் போய்க் கொண்டுவந்த பூ அம்மா," என்று நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. அந்த நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லையாக்கும் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

"அழாதைங்கோ அம்மா," என்றேன். "அடுத்த முறை போகேக்க சிவப்பில ஒண்டு கொண்டுவாறன்."